மெத எலவின் கறுப்புச் சேறு

கண்டி வாவியின் மிகைநீர் வழிந்து வெளியேறும் இடத்தில் மெத எல பிறக்கிறது. போகம்பரை, ரயில் நிலையம் என நகரின் நெரிசலான பகுதிகளைத் தொட்டுக்கொண்டு, வில்லியம் கோபல்லாவ மாவத்தையின் ஓரமாகவே நீண்டு, கெட்டம்பேயில் மகாவலி கங்கையோடு கலக்கிறது. நடுவாய்க்கால் என்பதுதான் அந்தச் சிங்களப் பெயரின் பொருள். பெயருக்கேற்ப நகரின் நடுவே ஓடுவதால், மழை கழுவிக்கொண்டு வரும் தெருப்புழுதி, வாகனத் திருத்தகங்களின் எண்ணெய்க் கழிவு, கடைகளினதும் வீடுகளினதும் வடிகான் நீர் எல்லாவற்றுக்கும் அதுவே போக்கிடம். இத்தகைய நகர வாய்க்கால் ஒன்றின் அடிச்சேற்றைக் கிளறினால் மேலே மெல்லிய பழுப்புப் படலமும், ஒரு விரற்கடைக்குக் கீழே கரிய சேறும் தெரியும். அழுகிய முட்டை நாற்றம் எழும். அழுக்குச் சேர்ந்ததால் கறுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கறுப்பு ஒரு வேதிச் சேர்மத்தின் நிறம். சேற்றிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்த பின் வேறு நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்குகின்றன. அப்போது உண்டாகும் ஐதரசன் சல்பைட்டுதான் அந்த நாற்றம். அது இரும்போடு சேர்ந்து உருவாகும் இரும்புச் சல்பைட்டுதான் அந்தக் கறுப்பு. இதே சல்பைட்டு, அந்த வழியாக வரும் ஈயம், கட்மியம், நாகம், செம்பு ஆகியவற்றையும் பற்றிப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. ஆகவே கறுப்புச் சேறு என்பது பார உலோகங்களைப் பூட்டி வைத்திருக்கும் ஓர் அறை. மகாவலிக்குக் கண்டி நகரம் செய்திருப்பது என்ன என்பதை ஆற்று நீரைப் பார்த்து அறிய முடியாது, இந்த அறையைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும் என்பதையும், பூட்டியிருக்கிறது என்ற நிம்மதி நெடுநாள் நிலைக்காது என்பதையுமே இந்த அத்தியாயம் நிறுவ முயல்கிறது.

ஆற்று மாசு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு போத்தல் நீரும் ஓர் ஆய்வுகூட அறிக்கையும்தான். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கும், கட்மியம் 3 மைக்ரோகிராமுக்கும் மேற்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிக்கையில் அதற்குக் குறைவான எண் வந்தால் ஆறு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் பார உலோகங்கள் உப்பைப்போல நீரில் கரைந்தே இருப்பவை அல்ல. அமிலமும் காரமும் அதிகமில்லாத சாதாரண ஆற்று நீரில் அவற்றின் அணுக்கள் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பைத் தேடுகின்றன. களிமண் துகள்களின் மேற்பரப்பு, இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகளின் பழுப்புப் பூச்சு, உக்கிய இலைதழைகளின் எச்சம் ஆகிய மூன்றும் அவற்றுக்கு உகந்த இடங்கள். துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு இடம் கிடைக்கும். ஒரு மில்லிமீற்றர் மணற்பருக்கையை 2 மைக்ரோமீற்றர் களித்துகள்களாகப் பொடித்தால் அதன் மொத்த மேற்பரப்பு 500 மடங்காகிறது. அதனால்தான் அடையல் ஆய்வாளர்கள் மணலை ஒதுக்கி, 63 மைக்ரோமீற்றருக்கும் சிறிய நுண்சேற்றைச் சலித்து எடுத்துப் பகுப்பாய்வு செய்கிறார்கள். உலகின் சாதாரணக் களிப்பாறை ஒரு கிலோகிராமில், எந்த மாசும் இல்லாமலேயே, ஏறத்தாழ 20 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது. வரம்பின் விளிம்பில் நிற்கும் ஒரு லீற்றர் குடிநீரில் இருப்பதைப் போல இது 2,000 மடங்கு. ஆற்றில் உலோகத்தின் இருப்பிடம் எது, வழிப்போக்கன் எது என்பதை இந்த ஒரு விகிதமே காட்டிவிடுகிறது.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம். மழைவெள்ளம் வரும்போது ஒரு லீற்றர் ஆற்று நீரில் ஒரு கிராம் நுண்சேறு மிதக்கிறது என்றும், அந்தச் சேற்றில் கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஒட்டியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லீற்றர் சுமந்து செல்லும் ஈயம் 100 மைக்ரோகிராம், அதாவது குடிநீர் வரம்பைப் போலப் பத்து மடங்கு. ஆனால் கரைந்த உலோகத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகூடம், வழக்கப்படி 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிதாளில் நீரை முதலில் வடிகட்டும். ஈயம் முழுவதும் வடிதாளில் தங்கிவிட, வடிந்த தெளிநீர் சோதனையில் தேறிவிடும். அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது. கேள்விதான் ஆற்றின் பெரும்பங்கை வெளியே விட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு. நீர் மாதிரி எடுத்த கணத்தை மட்டுமே அது அறியும். மாலை ஆறு மணிக்கு யாரோ பற்றறி அமிலத்தை வடிகானில் ஊற்றியிருந்தால், காலை பத்து மணிக்கு நிரப்பிய போத்தலில் அதன் சுவடு இராது. அடையலோ வந்ததை எல்லாம் வந்த வரிசையிலேயே அடுக்கி வைக்கிறது.

கண்டியில் இந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் அவருடைய சகாக்களும் 1982இல் கண்டி வாவியின் மாசு பற்றியும், 1987இல் மெத எலவின் பார உலோக மாசு பற்றியும் சர்வதேச ஆய்விதழ்களில் எழுதினார்கள். இரண்டாவது கட்டுரையின் தலைப்பிலேயே பார உலோகம் என்ற சொல் இருந்தது. இலங்கை நகரங்களின் நீர்நிலைகள் பற்றி அப்படி ஒரு சொல் பொதுவெளியில் அரிதாகவே பேசப்பட்ட காலம் அது. கண்டிக்குள் உலோகம் வரும் வழிகளை இன்று எண்ணிப் பார்த்தால், பெரிய புகைபோக்கி எதுவும் அவற்றுள் இல்லை. 2002 வரை இலங்கையில் விற்ற பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில், அந்தனை மலைக்கும் உடவத்தகலே காட்டுக்கும் இடையில் ஊர்ந்த பெற்றோல் வண்டிகளின் புகையிலிருந்த ஈயம் காற்றோடு போய்விடாமல் அங்கேயே படிந்தது, மழை அதை வடிகானுக்குக் கொண்டுபோனது. வாகன ரயர் தேயும்போது உதிரும் பொடியில் நாகம் இருக்கிறது. பிரேக் கட்டைகளின் தேய்மானத்தில் செம்பு இருக்கிறது. நாகப்பூச்சிட்ட தகரக் கூரைகள் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கரைகின்றன. பழைய பெயின்ற்றின் உதிர்வில் ஈயமும் குரோமியமும் உண்டு. நகருக்குச் சற்றுக் கீழே, மகாவலிக் கரையிலேயே, 1960களிலிருந்து குப்பை குவிக்கப்பட்டுவரும் கொஹாகொடை மேடு வேறு. பற்றறிகளும் மின்குமிழ்களும் இலத்திரனியல் பாகங்களும் சமையற்கழிவோடு கலந்து அழுகி, அங்கிருந்து கசியும் கரிய நீர் ஆற்றையே நோக்கி இறங்குகிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கண்டி மத்திய மலைநாட்டின் பழம்பாறைகள் மீது நிற்கிறது. சார்னொக்கைற்று, கொண்டலைற்று, பளிங்கு, பலவகை நைசுப் பாறைகள் என்று உலோகம் கொண்ட கனிமங்கள் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ஆற்றுச் சேற்றில் குரோமியமோ நிக்கலோ இருந்தால் அது மலையே கரைந்து தந்ததாக இருக்கலாமே, நகரத்தின் மீது ஏன் பழி போட வேண்டும்? இது நேர்மையான கேள்வி. பல அவசர அறிக்கைகள் இதைக் கடக்காமலே முடிவுக்குத் தாவியிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விடை காணும் வழியும் பழையதுதான். அலுமினியம் பாறையிலிருந்து நிறைய வருகிறது, நகரத்திலிருந்து மிகச் சொற்பமே வருகிறது. சேற்றில் ஈயத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதத்தை, நகருக்கு மேலே மனிதக் கை படாத மலையோடையின் சேற்றிலுள்ள அதே விகிதத்தோடு ஒப்பிட்டால், கூடுதலாக இருக்கும் பங்கு நம்முடையது. இன்னொரு வழியை 1969இல் ஜேர்மானிய ஆய்வாளர் முல்லர் தந்தார். இயற்கையான அளவை ஒன்றரை மடங்காக்கி, பாறையின் ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவு சலுகை கொடுத்த பிறகும், சேற்றின் அளவு அதை எத்தனை தடவை இரட்டித்து நிற்கிறது என்று பார்ப்பதே அவருடைய சுட்டெண். மலைக்குச் சேர வேண்டியதை மலைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நகரத்தின் கணக்கில் எழுதும் முறை இது. ஒரு தனிமத்துக்கு ஒரு தீர்ப்பு என்பதையும் மறக்கக் கூடாது. நிக்கலிலும் குரோமியத்திலும் பாறை வெல்லலாம். வாகனங்களோடு வரும் ஈயத்திலும் நாகத்திலும் அதே வாதம் எடுபடுவது கடினம், ஏனென்றால் ஒரே பாறை மீது நிற்கும் காட்டோடைக்கும் நகர வாய்க்காலுக்கும் இடையில் பாறை வேறுபடவில்லை, தெருதான் வேறுபடுகிறது.

இந்த ஆட்சேபத்தை முற்றாகத் தீர்க்கக்கூடிய சாட்சி ஒன்று கண்டியிலேயே இருக்கிறது. உலகின் பல நகரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண்டி வாவி இயற்கை ஏரி அன்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1812 அளவில் நிறைவுற்ற வேலையாக, வயல்நிலத்தை மறித்துக் கட்டியது. ஆகவே அதன் அடியில் படிந்த சேற்றுக்கு ஒரு தொடக்கத் திகதி உண்டு. அதற்குக் கீழே பழைய வயல் மண், அதற்கு மேலே ஆண்டாண்டாக ஒரு மெல்லிய படலம். 1815இல் இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது, 1867இல் ரயில் வந்தது, பிறகு மோட்டார் வாகனங்கள், ஈயப் பெற்றோல், 2002இல் அதன் முடிவு எல்லாம் அந்தப் படலங்களுக்குள் இருக்க வேண்டும். தூர்வாரும் கை எட்டாத ஆழப் பகுதியில் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றைக் கலையாமல் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு வில்லையின் வயதையும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஓரிடமூலகத்தால் கணிக்கலாம். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 22 ஆண்டுகள் என்பதால் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளை அளக்க அது பொருத்தமான கடிகாரம். ஈயம் எப்போது வந்தது என்பதைச் சொல்வதும் ஈயமே. அரசர் காலச் சேற்றில் உள்ள அளவு பாறையின் பங்கு. அதற்கு மேல் ஏறியிருப்பது எல்லாம் நம் காலத்தின் பங்கு. பாறையா மனிதனா என்ற விவாதத்தை ஒரு குழாய்ச் சேறு தீர்த்து வைக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதைவிட வலியது, அதை முன்வைப்பவர்கள் வேதியியல் தெரிந்தவர்கள். உலோகம் சேற்றில் பூட்டுண்டு கிடக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், சேற்றை யாரும் குடிப்பதில்லை, பூட்டியது பூட்டியபடி இருந்தால் யாருக்கு என்ன கேடு என்று அவர்கள் கேட்கிறார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. மொத்த உலோக அளவு மட்டும் ஆபத்தைச் சொல்லாது. 1979இல் தெசியேயும் சகாக்களும் வகுத்த முறைப்படி ஒரே சேற்றை மென்மையான கரைசலில் தொடங்கிக் கடுமையான அமிலம் வரை ஐந்து படிகளில் கழுவினால், இலேசாகக் கழன்றுவிடும் பங்கு, காபனேற்றோடு சேர்ந்த பங்கு, ஒட்சைட்டுகளில் ஒட்டிய பங்கு, சேதனப் பொருளிலும் சல்பைட்டிலும் கட்டுண்ட பங்கு, பாறைப் பளிங்குக்குள்ளேயே சிறைப்பட்ட பங்கு என்று உலோகம் பிரிந்து வரும். கடைசிப் பங்கு ஆயிரமாண்டு ஆனாலும் எவரையும் தீண்டாது. கறுப்புச் சேற்றில் சல்பைட்டு போதிய அளவு இருக்கும்வரை ஈயமும் கட்மியமும் அதன் பிடியிலேயே இருக்கும் என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. ஆகவே சேற்றில் கிலோகிராமுக்கு 128 மில்லிகிராம் ஈயம் என்ற அளவு கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அலறுவது அறிவியல் ஆகாது. நீரடி உயிர்களுக்குப் பாதிப்பு நிகழக்கூடிய எல்லை அது என்பதே அந்த எண்ணின் பொருள். நேரே பார்க்க வேண்டியது பூட்டின் உறுதியை.

அந்தப் பூட்டோ ஒட்சிசன் இல்லாத வரைக்கும்தான் பூட்டு. காற்றுப் பட்டால் சல்பைட்டு ஒட்சியேறி சல்பேற்றாகி, பிடித்திருந்த உலோகத்தைக் கைவிடுகிறது. மலைநாட்டில் பருவமழை வாய்க்காலைப் புரட்டிப் போடாத ஆண்டு இல்லை. அக்குறணையை அடிக்கடி மூழ்கடித்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேரும் பிங்கா ஓயாவைப் பார்த்தவர்களுக்கு, ஒரே இரவில் எவ்வளவு சேறு இடம்மாறும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மணல் அள்ளுகிறவர்களின் மண்வெட்டி ஆற்றடியைக் கிளறுகிறது. வாய்க்காலைத் தூர்வாரிச் சேற்றைக் கரையில் குவித்து வெயிலில் காயவிடும்போது பூட்டு முழுவதுமாகத் திறக்கிறது, அடுத்த மழை கழன்ற உலோகத்தைத் திரும்ப நீருக்குள் இறக்குகிறது. எதிர்த்திசையிலும் ஒரு வாசல் உண்டு. வாவியின் அடிநீரில் ஒட்சிசன் தீரும்போது, பழுப்பு ஒட்சைட்டுகள் கரைந்து அவற்றில் ஒட்டியிருந்த உலோகத்தையும் பொசுபரசையும் விடுவிக்கின்றன. 1999இல் கண்டி வாவி நீலப்பச்சை நுண்பாசியால் பச்சைக் குழம்பாகிப் போனது நினைவிருக்கும். ஊட்டம் மிகுந்து அடியில் மூச்சுத்திணறும் வாவி எப்படி இருக்கும் என்பதற்கு அது அடையாளம். இவற்றோடு உயிர்களும் சேர்கின்றன. சேற்றுப் புழுக்கள் பூட்டு, திறப்பு என்று பாராமல் சேற்றை விழுங்குகின்றன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளந்தோறும் பெருகியிருக்கும் திலாப்பியா மீன், அடியில் படிந்த உக்கலையும் மேய்கிறது. சேற்றை யாரும் குடிப்பதில்லை என்பது சரி. சேற்றை உண்டதை நாம் உண்கிறோம்.

சேறு கண்டியோடு நிற்பதும் இல்லை. நகரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடும் மகாவலி, கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியதும் பொல்கொல்லையில் மறிக்கப்படுகிறது. 1976இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து ஒரு பங்கு நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே மலையைத் துளைத்து உக்குவளை மின்நிலையத்துக்குப் போய், சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தன்னை என்று வடமத்திய மாகாணத்து வயல்களையும் கலாவாவியையும் அடைகிறது. மீதி, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணைக்குப் பின்னால் தேங்குகிறது. கண்டிச் சேற்றின் ஒரு பகுதி தெல்தெனியவின் பழைய ஊர் மூழ்கிய நீர்த்தேக்கத்தின் அடியிலும், மிக நுண்ணிய பகுதி வரண்ட வலயத்து வாய்க்கால்களிலும் போய்ச் சேரும் வழி இது. அதே வடமத்திய மாகாணத்தில்தான் 1990களிலிருந்து காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைச் சிதைத்து வருகிறது. 2008இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பண்டாரவும் சகாக்களும், அங்குள்ள அரிசியிலும் திலாப்பியாவிலும் கட்மியம் மிகுந்திருப்பதை நோயோடு தொடர்புபடுத்தினார்கள். 2011இல் மேல் மகாவலிப் படுகையின் விவசாய இடுபொருள்களை, குறிப்பாகப் பொசுபேற்றுப் பசளையோடு வரும் கட்மியத்தைச் சுட்டினார்கள். பின்னர் நடந்த நீர்ப் பகுப்பாய்வுகள் பல, குடிநீரில் கட்மியம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று காட்டின. புளோரைட்டும் நீரின் வன்மையும் காரணமாகலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வோ குடிநீரில் கட்மியம் குறைவு என்பதை ஏற்றுக்கொண்டே, நோயாளிகளின் சிறுநீரில் அது கூடுதலாக இருப்பதையும் பதிவு செய்தது.

கண்டிச் சேறுதான் அந்த நோயைத் தந்தது என்று சொல்ல இந்தச் சான்றுகள் போதா, அப்படிச் சொல்வது அறிவியலுக்கும் நோயாளிகளுக்கும் செய்யும் துரோகம். நான் காட்ட விரும்புவது வேறு. நீரில் இல்லை என்ற விடை கட்மியத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் போதாது. கட்மியத்தின் நடமாட்டம் தெரிந்தவர்கள் முதலில் சேற்றையும் நெல்லையும்தான் பார்ப்பார்கள். நீர் நிறைந்த வயலில் சல்பைட்டோடு அடங்கிக் கிடக்கும் கட்மியம், அறுவடைக்கு முன் வயலை வடிக்கும்போது காற்றுப் பட்டுக் கழன்று, கதிர் பால் பிடிக்கும் அதே வேளையில் வேருக்குள் ஏறுகிறது. மெத எலவில் நடக்கும் அதே வேதியியல்தான் அது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் கமியோக்கா சுரங்கத்தின் கட்மியம் வயலுக்குள் வந்து எலும்பை நொறுக்கும் இத்தாய்-இத்தாய் நோயாக வெளிப்பட்ட வழியும் அதுவே. அரசு அதைச் சூழல் மாசு நோயாக 1968இல் ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல்மண்ணை மாற்றும் வேலை 1979இல் தொடங்கி 2012 வரை நீண்டது. மண்ணிலும் சேற்றிலும் சேர்ந்ததை நீக்குவது விரைவில் முடிகிற வேலை அல்ல. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டபோது சிறுநீரக நோயும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விளைச்சல் சரிந்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டது. மேல் மகாவலியின் அடையலைப் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் ஒழுங்காக அளந்து வைத்திருந்தால், எந்தப் பசளையில் எவ்வளவு கட்மியம் என்ற கேள்வியைக் கேட்டு அதற்கேற்ற கட்டுப்பாட்டை மட்டும் விதித்திருக்கலாம். பாறைக்குழம்பு வழி உருவான எப்பாவல அப்பதைற்றைப் போன்ற பாறைகளில் கட்மியம் குறைவாகவும், கடலடியில் படிந்த பொசுபேற்றுகளில் கூடுதலாகவும் இருப்பது பொதுவான உண்மை. பசளை எல்லாம் ஒன்றல்ல.

ஜப்பானின் ஜின்சுவைக் கண்டியோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அங்கே சுரங்கம், இங்கே கோவில்களும் பாடசாலைகளும் கடைத்தெருவும். பெருந்தொழிற்சாலை இல்லாத ஊரின் சேற்றைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? அளவு வேறு என்பதில் எனக்கு மறுப்பில்லை, கண்டியில் இத்தாய்-இத்தாய் வரும் என்று அஞ்சவும் காரணமில்லை. ஆனால் தொழிற்சாலை இல்லை என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சுரங்கத்தின் வாயை அடைக்கலாம்; ஓடும் ஒவ்வொரு ரயரின் தேய்மானத்தையும் எந்த அதிகாரி அடைப்பார்? சிறு ஊற்றுகள் பல என்றால் அவற்றை மூலத்திலேயே, பொருளிலேயே மாற்ற வேண்டும். அது முடியும் என்பதற்குச் சான்று நம்மிடமே இருக்கிறது. 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டபோது அதற்காகக் கண்டியில் ஒரு வடிகானும் வெட்ட வேண்டியிருக்கவில்லை, ஒரு சுத்திகரிப்பு நிலையமும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பள்ளத்தாக்கின் மிகப்பெரிய ஈய ஊற்று ஒரே ஆணையில் வற்றியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதைச் செய்தது. இதே வழியில் வீட்டு அலங்காரப் பெயின்ற்றிலுள்ள ஈயத்தின் கட்டுப்பாடு, பழைய பற்றறிகளை மீளப்பெறும் ஏற்பாடு, திருத்தகங்களின் கழிவெண்ணெய்ச் சேகரிப்பு என்று ஒவ்வொன்றாக மூலத்தை அடைக்கலாம். வாகனம் பெருகப் பெருக நாகமும் செம்பும் ஏறுவதை ஒரு சட்டம் மட்டும் தடுக்காது. தெருவைக் கழுவி வடிகானில் தள்ளாமல் கூட்டி அள்ளுவதும், வடிகான் வாய்களில் சேறு தங்கும் தொட்டி கட்டுவதும் அதற்குத் தேவை.

கன்னொருவையில் ஜப்பானிய உதவியோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டதே, இனி மெத எல தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பேசப்படுகிறது. மலசல நீரும் சமையற்கழிவும் குறைந்தால் மெத எலவின் நாற்றம் குறையும், அது பெரிய நன்மை. ஆனால் மழைநீர் வடிகான் அந்தக் குழாயோடு சேர்வதில்லை, பார உலோகத்தின் பெரும்பங்கு வருவதோ மழைநீரோடுதான். இன்னும் ஒன்றை யோசிக்க வேண்டும். சேதனக் கழிவு குறைந்து வாய்க்காலுக்கு ஒட்சிசன் திரும்பும்போது, கறுப்புச் சேற்றின் மேற்படலத்துச் சல்பைட்டும் மெல்ல ஒட்சியேறத் தொடங்கும். கழன்ற உலோகத்தில் ஒரு பகுதியைப் புதிய பழுப்பு ஒட்சைட்டுகள் மீண்டும் பிடித்துக்கொள்ளும், ஒரு பகுதி ஆற்றோடு போகும். நீரைத் தெளிவாக்குவதைத் தள்ளிப்போட இது காரணம் ஆகாது. பழைய சேற்றைக் கவனியாமல் புதிய நீரை மட்டும் தெளிவாக்கினால் வேலை முடிந்துவிடாது என்பதற்குத்தான் காரணம். சுத்திகரிப்பு நிலையத்திலும் நீர்வழங்கல் நிலையங்களிலும் தெளிநீர் வெளியேறும்போது உலோகம் மறைந்துவிடுவதில்லை. அடியில் சேரும் சேற்றில் அது குவிகிறது. அந்தச் சேற்றையும் யாராவது எங்காவது கொண்டுபோய்க் கொட்டத்தான் வேண்டும்.

எங்கே என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, நம் நகரங்களில் எவரும் கேட்காத கேள்வியும் அதுவே. ரொட்டர்டாம் துறைமுகம் தன் ஆற்றுச் சேற்றைப் பல காலம் சுற்றியுள்ள தாழ்நிலங்களை உயர்த்தப் பயன்படுத்தியது. ரைன் ஆற்றின் மேற்பகுதித் தொழிற்சாலைகள் அனுப்பிய கட்மியமும் இரசமும் அந்தச் சேற்றோடு வயலுக்கு ஏறுவது தெரிந்ததும் அது நிறுத்தப்பட்டு, 1987 முதல் மாசுபட்ட சேறு கடலோரத்தில் கட்டிய ஸ்லுஃப்தர் என்ற தனித் தேக்கத்தில் அடைக்கப்படுகிறது. அதோடு நில்லாமல் அந்த நகரம் ஆற்றின் மேற்பகுதிக்குப் போய், கழிவு விடுகிறவர்கள் யார் என்று தேடி, ஒவ்வொருவரோடும் பேசிக் குறைப்பதற்கு உடன்பாடு செய்தது. அத்தனை பெரிய தேக்கம் கண்டிக்குத் தேவையில்லை. வாவி வெளியேறும் இடம், கெட்டம்பே முகத்துவாரம், கொஹாகொடைக்குக் கீழ்க்கரை, பிங்கா ஓயா சேரும் இடம், பொல்கொல்லைத் தேக்கம் ஆகிய ஐந்து இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை நுண்சேறு எடுத்து, மொத்த அளவோடு கழன்றுவிடும் அளவையும் அளந்து ஊரறிய வெளியிட்டால் போதும். அதற்கு வேண்டிய ஆய்வுகூடங்களும் ஆசிரியர்களும் ஆற்றின் கரையிலேயே, பேராதனையில் இருக்கிறார்கள்.

அதுவரைக்கும் கண்டியில் வாழ்கிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மெத எலவோ உங்கள் தெரு வடிகானோ தூர்வாரப்படும்போது, அந்தச் சேறு எங்கே கொண்டுபோகப்படுகிறது என்று கேளுங்கள். கறுப்பாகச் செழிப்பாக இருக்கிறதே என்று அதை வீட்டுத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். அந்த வாய்க்கால்களின் ஓரத்தில் தானாக முளைத்த கங்குன் கீரையைப் பறித்துச் சமைக்காதீர்கள். சோதிக்கப்படாத சேறு வயலுக்கோ தோட்டத்துக்கோ போகக் கூடாது என்று மாநகர சபையிடம் எழுத்தில் கேளுங்கள்.